அனுப்பாமல் விட்ட கடிதம்: சந்தையைக் காவல் காக்கும் வேலை எப்படிப்பட்டது?

2004-ஆம் ஆண்டு, அமெரிக்கப் பங்குச் சந்தைகளின் ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.இ.சி.யின் வாஷிங்டன் ஆய்வுக் குழு ஒரு கடிதத்தை எழுதி வைத்தது. பெர்னார்ட் மேடாஃப் என்ற நியூயார்க் தரகர் தான் செய்ததாகச் சொல்லும் வணிகம் உண்மையில் நடந்ததா என்று சரிபார்க்க, தரகர்களின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பிடம் தரவு கேட்கும் கடிதம் அது. அது அனுப்பப்படவே இல்லை. வரும் தரவைப் படித்து முடிக்க அதிக நேரம் பிடிக்கும் என்பது பிற்பாடு சொல்லப்பட்ட காரணம். குழுவும் பரஸ்பர நிதிகள் தொடர்பான வேறு அவசர வேலைக்கு மாற்றப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2008 டிசம்பரில் மேடாஃப் கைதானபோது, வாடிக்கையாளர்களின் கணக்குத்தாள்களில் இருந்த சுமார் 6,500 கோடி டாலர் வெறும் அச்சிட்ட எண்களே என்று உலகுக்குத் தெரிந்தது.

ஒழுங்குமுறை ஆணையத்தில் என்ன வேலை, யாருக்கு அந்த வேலை பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்தக் கடிதத்தைப் பற்றித்தான் சொல்வேன். செய்தியில் வருவது ஆணையத் தலைவரின் பேட்டியும் அபராதத் தொகையும். சந்தையின் நேர்மை காக்கப்படும் இடமோ அதற்கு நான்கைந்து படி கீழே இருக்கிறது. ஒரு சந்தேகம் எழுந்தபின், வெளியிலிருந்து சான்று வந்து சேரும்வரை கோப்பை மூடாமல் வைத்திருக்கும் இடைநிலை அதிகாரியின் மேசை அது. அவருக்கு அதற்கான நேரமும் அறிவும் மேலதிகாரியின் ஆதரவும் கிடைக்கின்றனவா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆளெடுப்பு, சம்பளம், இடமாற்றம், வேலையை விட்டுப் போகிறவர்களுக்கான விதிகள் என்று நிர்வாக விஷயங்களாகத் தோன்றுபவை எல்லாம் கடைசியில் இந்த மேசையில்தான் வந்து முடிகின்றன.

மேடாஃப் விவகாரத்தில் என்ன தவறு நடந்தது என்று எஸ்.இ.சி.யின் உள்ஆய்வுத் தலைவர் அலுவலகம் 2009-இல் நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஆணையத்தில் வேலைக்குச் சேர நினைக்கும் எவரும் படிக்க வேண்டிய ஆவணம் அது. 1992 முதல் 2008 வரை மேடாஃப் மீது வலுவான புகார்கள் ஆறு வந்திருக்கின்றன. ஒரு கட்டத்தில் வாஷிங்டன் குழுவும் நியூயார்க் குழுவும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே நிறுவனத்தை ஆய்வு செய்தன. உங்கள் ஆட்கள் ஏற்கெனவே இதே கேள்விகளைக் கேட்டுவிட்டார்கள் என்று மேடாஃபே சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. 2006 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வாக்குமூலம் கொடுத்தபோது, பங்குகளை மின்வடிவில் காக்கும் மைய வைப்பகத்தில் அவருடைய கணக்கு எண் என்ன என்று கேட்டார்கள். அவர் சொன்னார். ஆட்டம் முடிந்தது, திங்கட்கிழமை காலை வைப்பகத்தைத் தொடர்புகொண்டதும் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்ததாகப் பின்னர் அவரே சொன்னார். அந்தத் திங்கட்கிழமை யாரும் அந்தக் கணக்கைச் சரிபார்க்கவில்லை. பார்த்திருந்தால், பல நூறு கோடி டாலர் பங்குகள் இருக்க வேண்டிய கணக்கில் மூன்று கோடி டாலருக்கும் குறைவாகவே இருந்தது தெரிந்திருக்கும்.

இதில் லஞ்சம் எதுவும் இல்லை. உள்ஆய்வு அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆய்வுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் அனுபவம் குறைந்தவர்கள், சட்டம் படித்தவர்கள். மேடாஃப் சொன்ன ஆப்ஷன் (ஒரு பங்கைக் குறித்த விலையில் பின்னாளில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) உத்தி எப்படி இயங்கும், அதற்குச் சந்தையில் எத்தனை ஆப்ஷன்கள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்கு இல்லை. புகார் கொடுத்த நிதிப் பகுப்பாய்வாளர் ஹாரி மார்க்கோபோலோஸ் அந்தக் கணக்கைத்தான் போட்டிருந்தார்: மேடாஃப் சொல்லும் அளவுக்கு வணிகம் செய்ய அந்தச் சந்தையில் போதிய ஆப்ஷன்களே இல்லை. ஆணையத்தின் பாஸ்டன் கிளையில் ஒருவருக்கு அது புரிந்தது. அவர் ஆணையத்துக்கு வருவதற்கு முன் நிதித் துறையில் வேலை பார்த்தவர். அவர் திரும்பத் திரும்ப மேலே சொல்லியும் நியூயார்க் கிளை அசையவில்லை.

அப்படியானால் இந்த ஆணையங்களுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? அமெரிக்காவின் எஸ்.இ.சி. 1934-இல் தொடங்கியது; இந்தியாவின் செபி 1988-இல் அமைக்கப்பட்டு 1992-இல் சட்ட அதிகாரம் பெற்றது; ஜெர்மனியின் பாஃபின் 2002-இலும், பிரிட்டனின் எஃப்.சி.ஏ. இன்றைய வடிவில் 2013-இலும் வந்தன. அமைப்பு நாட்டுக்கு நாடு மாறினாலும் உள்ளே நடக்கும் வேலைகள் பெரும்பாலும் ஒன்றே.

முதலில் படிப்பவர்கள். பொதுமக்களிடம் பணம் திரட்டும் ஒவ்வொரு நிறுவனமும் தாக்கல் செய்யும் வெளியீட்டு ஆவணம், ஆண்டறிக்கை, காலாண்டுக் கணக்கு ஆகியவற்றை வரிவரியாகப் படிப்பது இவர்களுடைய வேலை. கணக்கு மோசடியால் என்ரான் நிறுவனம் வீழ்ந்த பிறகு 2002-இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி, பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் அறிக்கைகளையும் எஸ்.இ.சி. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசீலித்தாக வேண்டும். இதைச் செய்வோரில் பெரும்பாலோர் தணிக்கை நிறுவனங்களில் சில ஆண்டுகள் இருந்த கணக்காளர்கள். விற்பனை ஐந்து சதவீதம் உயர்ந்த ஆண்டில் கையிருப்புச் சரக்கு நாற்பது சதவீதம் உயர்ந்திருந்தால், அது எப்படி என்று கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் போவது இவர்களிடமிருந்துதான். நிறுவனம் பதில் எழுதும். பதில் போதாது என்றால் இரண்டாவது கடிதம் போகும். பரிசீலனை முடிந்து 20 வேலை நாட்கள் கழிந்தபின் இந்தக் கடிதப் போக்குவரத்தை எஸ்.இ.சி. பொதுவெளியில் வைத்துவிடுகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்று கற்க விரும்பும் கணக்கியல் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் எனக்குத் தெரியாது. குற்றம்சாட்டும் தொனி அந்தக் கடிதங்களில் இருக்காது. பக்க எண்ணையும் குறிப்பு எண்ணையும் சொல்லி, இதை விளக்குங்கள் என்று மட்டும் இருக்கும்.

அடுத்தது கண்காணிப்பு. இந்த வேலையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். வியாழக்கிழமை மாலை, ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கப்போவதாக அறிவிப்பு வருகிறது. வெள்ளிக்கிழமை பங்கு விலை ஏறுகிறது. அறிவிப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அந்தப் பங்கை வாங்கிய கணக்குகளின் பட்டியல் கண்காணிப்பு அதிகாரியின் திரையில் விரிகிறது. ஆயிரக்கணக்கான கணக்குகள். அவற்றில் பெரும்பாலானவை ஒரு பார்வையிலேயே விலகிவிடும்: குறியீட்டு நிதிகள், அன்றாடம் வாங்கி விற்பவர்கள், மாதந்தோறும் அதே பங்கைச் சேர்ப்பவர்கள். கடைசியில் மூன்று கணக்குகள் மிஞ்சுகின்றன. ஒன்று மூன்று ஆண்டுகளாக அசையாமல் கிடந்தது. திடீரென்று உயிர் பெற்று, கையிருந்த பணம் முழுவதையும் இந்த ஒரே பங்கில் போட்டிருக்கிறது. அதிகாரி அந்தக் கணக்கின் முகவரியைப் பார்க்கிறார், கைப்பேசி எண்ணைப் பார்க்கிறார், வாரிசுதாரராக யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கிறார். அந்தப் பெயர், பேரத்தில் ஈடுபட்ட சட்ட ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவரின் பெயரோடு ஒத்துப்போகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இங்கே வழக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும். உள்ளே இருப்பவருக்கு இது ஆரம்பம். ஒரே பெயர் கொண்ட இருவர் இருக்கலாம். உறவு உண்மையாகவே இருந்தாலும் தகவல் கைமாறியதா என்பது தனிக் கேள்வி. 2022-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பல்ராம் கர்க் வழக்கில் இதைத்தான் சொன்னது: உறவு இருக்கிறது, வாங்கி விற்ற காலம் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து உள்தகவல் (பொதுவெளிக்கு வராத நிறுவன ரகசியம்) பரிமாறப்பட்டதாக முடிவுகட்ட முடியாது, நிரூபிக்கும் பொறுப்பு செபியுடையது. ஆகவே தொலைபேசி அழைப்புப் பதிவுகள் வேண்டும், வங்கிக் கணக்கில் பணம் வந்த வழி வேண்டும், பேரம் பற்றி யாருக்கு எந்த நாளில் தெரிந்தது என்று நிறுவனம் வைத்திருக்கும் பதிவேடு வேண்டும். இவற்றையெல்லாம் நாள், மணி, நிமிடம் என்று ஒரே காலவரிசை அட்டவணையில் அதிகாரி கோத்து வைக்கிறார். சில விசாரணைகளில் அந்த அட்டவணை முழுமை பெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பணம் வேறொரு நாட்டின் வழியாகப் போயிருந்தால் அந்த நாட்டு ஆணையத்தைக் கேட்க வேண்டும். உலக ஆணையங்களின் கூட்டமைப்பான ஐயாஸ்கோ 2002-இல் கொண்டுவந்த பலதரப்பு ஒப்பந்தம் அதற்கு வழி செய்கிறது. 120-க்கும் மேற்பட்ட அமைப்புகள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன.

விசாரணை முடிவில் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் பெரும்பாலும் ஆணையத்திடம் இருப்பதில்லை. அபராதம், முறைகேடாகச் சேர்த்த லாபத்தைத் திரும்பப் பெறுதல், சந்தைக்குள் நுழையத் தடை ஆகியவை அதன் ஆயுதங்கள். உரிமையியல் வழக்கு என்பதால், ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற குற்றவியல் அளவுகோல் இங்கே இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். இதைக் கேட்டு வேலை எளிது என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்த் தரப்பில் நாட்டின் மிகச் சிறந்த வழக்கறிஞர்கள் நிற்பார்கள். ஆணையத்தின் உத்தரவு மேல்முறையீட்டில் ஒருநாள் வரிவரியாகப் பிரிக்கப்படும். உத்தரவில் ஒரு தேதி தவறினாலும், குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஓர் ஆவணத்தைக் காட்டாமல் விட்டிருந்தாலும் ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாகிவிடும்.

பொருளியலாளர்கள் இந்த அலுவலகங்களில் ஒருகாலத்தில் ஓரமாகத்தான் இருந்தார்கள். 2011 ஜூலையில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று எஸ்.இ.சி.யின் விதி ஒன்றை ரத்து செய்தது. இயக்குநர் தேர்தலில் பங்குதாரர்களும் வேட்பாளரை முன்மொழிய வழிசெய்த அந்த விதியின் செலவையும் பயனையும் ஆணையம் சரியாக ஆராயவில்லை என்பது தீர்ப்பு. அதன் பிறகு, விதி எழுதும் மேசையில் பொருளியலாளர் முதல் நாளிலிருந்தே உட்கார வேண்டியதாயிற்று. முனைவர் பட்டம் பெற்றவர்களை அதிக எண்ணிக்கையில் ஆணையம் வேலைக்கு எடுத்தது.

தொழில்நுட்ப வல்லுநர்களின் காலம் 2010 மே 6-ஆம் தேதி தொடங்கியது என்று சொல்லலாம். அன்று பிற்பகல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டோ ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் ஏறக்குறைய ஆயிரம் புள்ளிகள் இறங்கி, பெரும்பகுதி உடனே மீண்டது. என்ன நடந்தது என்று சொல்ல இரண்டு ஆணையங்களின் ஊழியர்களுக்கு செப்டம்பர் 30 வரை ஆயிற்று. நிமிடங்களில் நடந்ததை விளக்க ஐந்து மாதங்கள்! பரிவர்த்தனைத் தரவு பல சந்தைகளில் பல வடிவங்களில் சிதறிக் கிடந்ததுதான் காரணம். 2013-இல் எஸ்.இ.சி.யின் மைடாஸ் என்ற கணினி அமைப்பு செயல்பாட்டுக்கு வந்தது. அது நாளொன்றுக்குச் சுமார் நூறு கோடிப் பதிவுகளைத் திரட்டுகிறது. இன்று தரவு அறிவியல் படித்தவருக்கும் நிரல் எழுதுபவருக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தில் வழக்கறிஞருக்கு நிகரான இடம் இருக்கிறது. செபியின் தொடக்கநிலை அதிகாரி பதவிக்கான தேர்விலேயே பொது, சட்டம், தகவல் தொழில்நுட்பம், ஆராய்ச்சி என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இரண்டு கட்ட எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல்.

இனி எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் விஷயம்: சம்பளம். ஆணைய அதிகாரி மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்குவதைவிட, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பல மடங்கு வாங்குகிறார். 1998 முதல் 2000 வரையிலான மூன்று ஆண்டுகளில் எஸ்.இ.சி.யை விட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள் போய்விட்டார்கள். அதன் பிறகுதான், 2002-இல், மற்ற நிதி ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு இணையான சம்பளம் கொடுக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தந்தது. பிரிட்டனின் எஃப்.சி.ஏ. தான் மேற்பார்க்கும் நிறுவனங்களிடம் வசூலிக்கும் கட்டணத்திலேயே இயங்குகிறது. அரசுச் சம்பள அட்டவணையிலிருந்து விலகி நிற்க ஓர் ஆணையத்துக்கு இடமிருந்தால்தான், கணக்குகளைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் பத்து ஆண்டுகள் அங்கே தங்குவார் என்பது என் உறுதியான எண்ணம். ஐந்தாவது ஆண்டில் போய்விடுகிறவரோடு அவர் கற்ற நுட்பமும் போய்விடுகிறது. புதிதாக வருபவர் அடுத்த மேடாஃபின் முன்னால் வெறுங்கையோடு உட்காருகிறார்.

போகிறவர்கள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் வங்கிகள், தரகு நிறுவனங்கள், அவற்றுக்காக வாதாடும் சட்ட நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத்தான். நாளை வேலை கொடுக்கப்போகும் நிறுவனத்திடம் இன்று அதிகாரி கடுமையாக நடந்துகொள்வாரா என்ற கேள்வி நியாயமானது. எஸ்.இ.சி.யின் அமலாக்க வழக்கறிஞர்களைப் பற்றி 2015-இல் வெளியான ஓர் ஆய்வு எதிர்பாராத பதிலைத் தந்தது. பின்னாளில் தனியார் சட்ட நிறுவனங்களுக்குப் போனவர்கள் பொதுவாக ஆணையத்தில் இருந்தபோது மற்றவர்களைவிடக் கடுமையாகவே வழக்கு நடத்தியிருந்தார்கள். திறமையைக் காட்டினால்தானே வெளியே மதிப்பு! ஆனால் எஸ்.இ.சி. வழக்குகளில் எதிர்த் தரப்புக்காக வாதாடும் நிறுவனங்களுக்குப் போன வாஷிங்டன் வழக்கறிஞர்களிடம் இதற்கு நேர்மாறான போக்கு தென்பட்டது. ஆகவே கதவை முழுவதும் அடைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தான் கையாண்ட அதே வழக்கில் எதிர்த் தரப்பில் போய் நிற்க நிரந்தரத் தடை வேண்டும்; அமெரிக்கச் சட்டத்தில் அது இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வரும் கதவு மட்டும் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். பாஸ்டனில் மேடாஃபைச் சந்தேகித்தவர் அந்த வழியாக வந்தவர். ஆணையத்தின் முதல் தலைவர் ஜோசப் கென்னடியே பங்குச் சந்தை ஊகத்தில் பெரும் பணம் சேர்த்தவர். வங்கி முதலாளிகளை செனட் விசாரணையில் கேள்விகளால் துளைத்த பெர்டினண்ட் பெக்கோராவும் அதே முதல் ஆணையத்தில் உறுப்பினராக அமர்ந்திருந்தார்.

இந்த வேலையில் சேர்பவர் தன் சொந்தச் சேமிப்பின் சுதந்திரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். எஸ்.இ.சி. ஊழியர் பங்கு வாங்குவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். வாங்கினால் பொதுவாக ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். ஆணையம் நேரடியாக ஒழுங்குபடுத்தும் நிறுவனங்களின் பங்கைத் தொடவே கூடாது. இது அதீதக் கட்டுப்பாடு என்று நினைப்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். வயர்கார்டு என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தின் கணக்கில் மோசடி என்று பத்திரிகைச் செய்திகள் வந்தபோது, பாஃபின் 2019 பிப்ரவரியில் அந்தப் பங்கில் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுவோருக்கு இரண்டு மாதத் தடை விதித்தது; எழுதிய பத்திரிகையாளர்கள் மீதே புகாரும் கொடுத்தது. 2020 ஜூனில் 190 கோடி யூரோ இருப்பதாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்று பிலிப்பைன்ஸ் வங்கிகள் சொன்னதும் நிறுவனம் வீழ்ந்தது. பாஃபின் ஊழியர்கள் சிலர் அதற்கு முன்பு அந்தப் பங்கைத் தாங்களே வாங்கி விற்றிருந்தார்கள் என்பதும் வெளியே வந்தது. 2021 ஜனவரியில் ஆணையத் தலைவர் பதவி விலக நேர்ந்தது. அதே ஆண்டு வந்த புதிய சட்டம் ஊழியர்களின் சொந்த வணிகத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கணக்குகளை நேரடியாகப் புகுந்து ஆராயும் அதிகாரத்தையும் பாஃபினுக்குக் கொடுத்தது.

மேடாஃபுக்கும் வயர்கார்டுக்கும் நடுவே 2009 ஜனவரியில் இந்தியாவின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இருக்கிறது. வங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதன் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அங்கே தணிக்கையாளர்கள் வங்கிகளிடம் உறுதிப்பாடு கேட்கும் வேலையை நிறுவனத்தின் கையிலேயே விட்டிருந்தார்கள். மூன்று கண்டங்கள், மூன்று விதமான தொழில்கள். மூன்றிலும் பொய்யைக் கண்டுபிடிக்கச் சிக்கலான கணிதம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. பணமோ பங்கோ யாரிடம் இருப்பதாகச் சொல்லப்பட்டதோ, அவரிடம் நேரில் கேட்டிருந்தால் போதும்.

ஆகவே இந்த வேலைக்கு ஆளெடுப்பவர்கள் சட்ட அறிவையும் கணக்கறிவையும் சோதிப்பதோடு நிற்கக் கூடாது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் புகழ்பெற்றவர், மரியாதையானவர், பேச்சில் வல்லவர் என்றால் அவர் முன்னால் கூச்சப்படாமல் அடுத்த கேள்வியைக் கேட்பவரா என்று பார்க்க வேண்டும். மேடாஃப் ஒருகாலத்தில் நாஸ்டாக் சந்தையின் தலைவராக இருந்தவர். ஆய்வுக்கு வந்த இளைஞர்களிடம் கதைகள் சொன்னார், கோபமும் பட்டார். அவர்கள் அந்த இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள்.

2009 டிசம்பரில் எஸ்.இ.சி. தன் விதிகளை மாற்றியது. வாடிக்கையாளர் சொத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் முதலீட்டு ஆலோசகர்கள் பலர் ஆண்டுக்கொருமுறை, முன்னறிவிப்பில்லாத நாளில், வெளிக் கணக்காளரின் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றாயிற்று. ஆய்வாளர்களுக்கு மோசடி கண்டறியும் பயிற்சியும் சான்றிதழும் வந்தன. ஆய்வு நடக்கும்போது வைப்பகங்களுக்கும் எதிர்த்தரப்பு நிறுவனங்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நேரடியாக எழுதி, சொத்து உண்மையில் இருக்கிறதா என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. இரண்டு பத்திகளுக்கு மேல் நீளாத கடிதம்தான். கணக்கு எண், தேதி, அந்த நாளின் இருப்பு என்ன என்ற கேள்வி. அதைத் தட்டச்சு செய்து, அனுப்பி, பதில் வந்த தேதியைக் கோப்பில் குறித்து வைக்கும் வேலை சேர்ந்து சில மாதங்களே ஆன இளம் ஆய்வாளரிடமும் ஒப்படைக்கப்படலாம்.